நாலாம் நம்பர் பை

அத்தியாயம் 11

றஹீம் ஹாஜியாரின் கைகள் இரண்டும் சும்மா இருந்ததாக மாத்தளை மாவட்டத்தில் எங்கேயும் பதிவில்லை. மூட்டையைக் கண்டால் முடிச்சை இறுக்கும். கதவைக் கண்டால் கொளுக்கியை ஆட்டிப் பார்க்கும். தொழுகையில் நிற்கும்போது மட்டும்தான் அவற்றுக்கு ஓய்வு. சலாம் கொடுத்து முடித்த மறுநிமிஷமே முன்வரிசைக்காரரின் கொலரைச் சரிசெய்யப் போய்விடும்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குள் அந்தக் கைகள் வாசல் கேட்டுக்கு இரண்டு தரம் எண்ணெய் போட்டன. கம்பனி மனேஜர் உட்காரப் போகும் நாற்காலியைப் பதினேழு இடத்தில் வைத்துப் பார்த்தன. கடைசியில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளின.

"நீங்க முள்ளத் தள்ளினா அவங்கட வாகனம் வெள்ளன வந்துருமா?" என்றாள் ஸரீனா, குசினிக்குள் இருந்தபடியே.

"வராது. ஆனா நான் காத்துக்கிட்டு ஈக்கிற நேரம் கொறையுமே."

ஸரீனா தேங்காயைத் துருவுவதை நிறுத்தி, இந்த மனிதனோடு முப்பத்து நாலு வருஷம் எப்படி ஓடியது என்று ஒரு தரம் யோசித்தாள். பிறகு மறுபடி துருவினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் போன கிழமை வந்த ஆய்வுகூடத்து அறிக்கை. இறத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையோரத்தில் ஹாஜியாருக்கு மூன்று ஏக்கர் மிளகுக் காணி. அதில் வெள்ளீயம் இருக்குமா என்று தேடிவந்த கொழும்புக் கம்பனி ஆறு குழி வெட்டி, ஆறு துணிப்பையில் மண்ணும் கல்லும் எடுத்தது. எடுத்துக் கட்டி எண் போட்டவள் வேறு யாருமில்லை. அதே கம்பனியில் கள உதவியாளராக இருக்கும் அவருடைய மகள் றுஸைனா.

ஐந்து பையில் நூற்றுக்கு ஒன்றரை வீதத்துக்கு மேல் வெள்ளீயம்!

நாலாம் நம்பர் பை மட்டும் ஒன்று தசம் ஒன்று. அது காத்தாயியின் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் எடுத்த மண். "அந்த மூலைல மிளகுக் கொடியே ஏறாது, ஈயம் எங்க ஏறப் போகுது?" என்று ஹாஜியார் ஒரு கிழமையாக அந்தப் பையை வகுப்பில் பெயிலான பிள்ளையைப் போலத் திட்டிக்கொண்டிருந்தார். கொடி ஏறாத காரணத்தால்தான் அந்த மூலையில் இருபது பேர்ச்சை, அதாவது ஏக்கரில் எட்டிலொரு பங்கை, முப்பது வருஷம் தனக்கு மிளகு பறித்த காத்தாயிக்குப் போன வருஷம் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கொடுத்த சங்கதியை மட்டும் கண்டி வரைக்கும் சொல்லி வைத்தார்.

மற்ற ஐந்து பையின் செய்தி கண்டியைத் தாண்டிவிட்டது. ஏழு நாளில் றுஸைனாவுக்குப் பதினாலு கலியாணப் பேச்சு வந்தது. குருநாகலிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து, தாங்கள் ஹாஜியாரின் சொந்தம் என்று அழுதது. பள்ளிவாசல் நிர்வாகம் மினாராவின் உயரத்தை இருபது அடி கூட்டி வரைபடமே கீறிவிட்டது.

இன்றைக்குப் பத்தரைக்கு ஒப்பந்தம். அதற்குப் பிறகு கம்பனி காணிக்குள் துளையிடும் இயந்திரத்தை ஏற்றும்.

எட்டு மணிக்குச் சிவப்பு த்ரீவீல் ஒன்று கேட்டுக்குள் பாய்ந்து நின்றது. இறங்கியவன் ஸரீனாவின் தம்பி அஸ்ஹர். மாணிக்கக் குழி என்று சொல்லி இருபது வருஷமாக மலையைத் தோண்டி, இதுவரை மூன்று பழைய மண்வெட்டிகளைக் கண்டெடுத்தவன்.

"மச்சான், கையெழுத்துப் போடுற பேனை கொண்டு வந்தேன். தங்க முலாம்!"

"நான் கையெழுத்துப் போடுறதுக்கு நீ ஏன்டா புதுச் சேட்டு போட்டு வந்தீக்கிற?"

"ஃபோட்டோ எடுப்பாங்கதானே மச்சான். குடும்பத்துல ஒருத்தராவது பாக்குற மாதிரி ஈக்க வேணாமா?"

ஹாஜியார் பதில் சொல்வதற்குள் றுஸைனா வெளியே வந்தாள். கையில் ஃபோன்.

"வாப்பா, அறிக்கைட ரெண்டாம் பக்கம் இப்பதான் வந்துச்சி. பைகள்ட நிறை போட்டிருக்காங்க. நான் ஒவ்வொன்டும் அஞ்சு கிலோ நிறுத்துக் கட்டினேன். முதல் பை அங்க போய்ச் சேந்தது ஒன்டேகால் கிலோ."

"லொறிக்காரன் சிந்தியிருப்பான்."

"சிந்தினா முடிச்சு மாறுமா?" அவள் ஃபோனை நீட்டினாள். ஆய்வுகூடத்து மேசையில் பைகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற பையில் கயிறு இரண்டு சுற்று, நடுவில் ஒரு கண்ணி, வால் வலது பக்கம். மாத்தளைச் சந்தையில் கண்ணை மூடித் தடவினாலும் அது யார் கட்டிய மூட்டை என்று சொல்லிவிடுவார்கள். "இது உங்கட முடிச்சு வாப்பா. பைகளத் தொட்டீங்களா?"

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் கேட்கவில்லையே என்றுதான் அவருக்கே குறை.

"தொடாமலா? பனி மூட்டத்துக்கு லொறி ஏறல்ல. நீ லக்கல பக்கம் வேலைக்குப் போயிட்டாய். ரெண்டு நாள் என்ட மிளகு ஸ்டோர்ல பை கெடந்துச்சி. தொறந்து பாத்தேன். யா அல்லாஹ், என்ன கோலம்! வெள்ளக் கல்லு, வேரு, சாம்பல் மண்ணு. என்ட மகள்ட பேர் போட்ட பை அந்தக் கோலத்துல கொழும்புக்குப் போறதா? நாப்பது வருஷம் ஏவாரம் செய்றேன், பொடைக்காத மிளக நான் ஒருத்தருக்கும் காட்டினதில்ல. சுளகுல போட்டு நல்லாப் பொடச்சேன். வெள்ளக் கல்லெல்லாம் கையால பொறுக்கினேன். கடைசியில நின்டது கறுப்பு மணி மட்டும். கனம் மகள், நல்ல கனம்! பாத்தா முதல் தர மிளகேதான்!"

றுஸைனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கறுப்பு மணிக்குள்ளதான் வாப்பா வெள்ளீயம் ஈக்குது."

"அதத்தானே சொல்றேன். நல்லதாப் பொறுக்கி அனுப்பினேன்."

"மண்ணுக்குள்ள நூத்துக்கு எவ்வளவு ஈக்குன்டு பாக்கத்தான் அனுப்பினது. நீங்க மண்ண எறிஞ்சிட்டு ஈயம் ஈக்கிறத மட்டும் அனுப்பியிருக்கீங்க. ஒன்டரை எல்லாம் பொய். நாலுல ஒரு பங்குதான் நெசம்."

குசினியில் துருவல் சத்தம் நின்றுபோனது.

முதலில் வாய் திறந்தவன் அஸ்ஹர். "இது நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். மச்சான் பேசாம ஒப்பந்தத்துல கையெழுத்த வைங்க. துளை போட்டுப் பாக்கட்டும். கெடச்சா கெடைக்கட்டும், இல்லாட்டி அது கம்பனிட நசீபு."

"துளை போட்டா ஒன்டரை வராது மாமா," என்றாள் றுஸைனா. "ரெண்டு மாசத்துல தெரிஞ்சிரும். அப்ப என்ன சொல்வாங்க? வாப்பாட காணி, மகள் எடுத்த பை, மகள்ட கையெழுத்து. சாம்பிள்ல கை வச்சவள்ன்டு ஒரு தரம் பேர் விழுந்தா இந்தத் தொழில்ல எந்த நாட்டுலயும் ஒருத்தரும் என்ன எடுக்க மாட்டாங்க."

"அப்ப நீ இப்ப சொன்னா மட்டும் உன்ட வேலை மிஞ்சுமா?"

"தெரியா. ஸீல் முடிஞ்சிட்டுதுன்டு வெறும் கயித்தால கட்டி விட்டுட்டுப் போனது என்ட பிழை. அந்தப் பிழைய நான் எழுதிக் குடுப்பேன்."

ஸரீனா வாசலுக்கு வந்தாள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. புருஷனைப் பார்த்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. அது ஹாஜியாருக்கு ஏச்சை விட மோசம். ஏசினால் திரும்ப ஏசலாம்.

அவர் எழுந்து மிளகு ஸ்டோருக்குள் போனார். மினாரா கண்ணுக்குள் வந்தது, இருபது அடி கூடுதல் உயரத்தோடு. குருநாகல் வேன் வந்தது. சந்தையில் தான் நின்று நின்று சொன்ன கதைகள் வந்தன. இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு அதே சந்தைக்குள் எப்படி நடப்பது? சின்னப் பையன் கூட "ஹாஜியார், ஈயம் பொடைக்க சுளகு வேணுமா?" என்பான். ஒரு வருஷம் சொல்வான். இல்லை, அவன் பிள்ளை பெற்று அந்தப் பிள்ளையும் சொல்லும்.

மூலையில் அந்தச் சுளகு சாய்ந்திருந்தது. அதை எடுக்கக் கை போனது. பாதியில் நின்றது. மூட்டை மேல் உட்கார்ந்தார். வரலாற்றில் முதல் தடவையாக அந்த இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.

பத்தரைக்குக் கம்பனியின் டபள் கெப் வாகனம் வந்தது. இறங்கிய சசிக்குமார் கம்பனியின் ஆய்வு மனேஜர். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பேராதனையில் மண்ணும் கல்லும் படித்து, மலையையே தட்டிப் பார்த்து வயதைச் சொல்லும் ஆள். ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியை மேசையில் வைத்தார். காணியின் வரைபடத்தையும் விரித்தார்.

"ஹாஜியார், வெளிநாட்டுப் பங்காளிங்க கூட ராத்திரி பேசினேன். பன்னெண்டு எடத்துல துளை போடச் சொல்லிட்டாங்க. ஒரு துளைக்கு ஆகுற செலவுல ஒரு புது த்ரீவீல் வாங்கலாம்."

த்ரீவீல் என்றதும் அஸ்ஹர் நிமிர்ந்தான்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "தம்பி, ஒரு சந்தேகம். ஒன்டரைன்டா என்ன கணக்கு?"

"ஒரு தொன் கல்லுக்குப் பதினஞ்சு கிலோ வெள்ளீயம். கழுவி எடுக்கிறப்ப மூனுல ஒரு பங்கு தண்ணியோட போயிரும். மிச்சம் பத்துக் கிலோ. உலகச் சந்தையில கிலோ முப்பது டொலருக்கு மேல போகுது. ஃபோன், டீவீ எதத் தொறந்தாலும் உள்ளுக்குப் பத்த வச்சிருக்கிறது இதாலதான். அதான் இந்தப் பனிக்குள்ள வந்து நிக்கிறோம்."

"அரைக்கும் கொறவா ஈந்தா?"

சசிக்குமார் சிரித்தார். "அப்ப நான் ஃபைலத் தூக்கிட்டு ஓடிருவேன். கல்ல ஒடைக்கணும், அரைக்கணும், டீசல் ஊத்தணும், அரசாங்கத்துக்குப் பங்கு கட்டணும், கடைசியில வெட்டின குழிய மூடி மரம் வைக்கணும். இந்த வளைவு ரோட்டுல சுமந்து எறக்குற கூலியே மிச்சத்தத் தின்னுரும். மண்ணுல ஈயம் இருக்கும், ஆனா சுரங்கம் இருக்காது. ஏன் கேக்குறீங்க?"

"சேர்..." என்று றுஸைனா எழுந்தாள்.

"நீ இரி மகள்." ஹாஜியார் ஸ்டோர் பக்கம் திரும்பினார். "ஸரீனா, அந்தச் சுளகக் கொண்டு வாங்க."

ஸரீனா கொண்டு வந்தாள். ஹாஜியார் முற்றத்தில் இறங்கி இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டார். பிறகு புடைத்தார். அப்படி ஒரு புடைப்பு! மண் புகையாகப் பறந்து டபள் கெப்பின் கண்ணாடியில் படிந்தது. வேர் ஒரு பக்கம், சல்லி ஒரு பக்கம். கடைசியில் சுளகின் நுனியில் கனமான மணல் ஒரு சிட்டிகை மட்டும் நின்றது. அதைக் கொண்டுபோய் ஒப்பந்தத்துக்கு மேலேயே வைத்தார்.

"இப்பிடித்தான் தம்பி. அஞ்சு பையும். மகளுக்குத் தெரியா. அவள் லக்கலைக்குப் போன நேரம் நான் செஞ்ச வேலை."

சசிக்குமார் சுளகைப் பார்த்தார். ஹாஜியாரைப் பார்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி மெல்ல நுனிக்கு இறங்கி வந்தது.

"பொடச்சீங்களா?"

"பொடச்சேன்."

"ஆய்வுகூடத்துக்கு அனுப்புற சாம்பிள... மிளகு மாதிரி பொடச்சீங்க?"

"ஓம் தம்பி. பொறுக்கினத எறிய மனசு வரல்ல. வெள்ளக் கல்ல எல்லாம் ஸரீனாதான் அந்தூரியச் சட்டிக்குப் போட்டா."

எல்லோரும் திரும்பினார்கள். சுவரோரம் பதினொரு அந்தூரியச் சட்டிகள் பளபளவென்று வெள்ளைக் கல் விரித்து, கலியாண வீட்டுப் பிள்ளைகளைப் போல நின்றன. கம்பனியின் முழுச் சேதமும் அங்கே பூப் பூத்துக்கொண்டிருந்தது.

சசிக்குமார் ஒப்பந்தத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். ஒரு பிரதியை எடுக்க மறந்தார். அது மேசையிலேயே கிடந்தது.

"றுஸைனா, ஸீல் இல்லாத பைய விட்டுட்டுப் போனது நீங்க."

"ஓம் சேர். எழுதித் தாறேன்."

"வேலை இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. கொழும்பு சொல்லும்." குரல் இளகியது. "ஆனா பங்காளிங்க முன்னால ரெண்டு மாசம் கழிச்சு நான் மாட்டியிருந்தா என் வேலையும் போயிருக்கும். அதையும் சொல்றேன்."

அவர் காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒன்று தசம் ஆறு, நாலால் வகுத்தால் தசம் நாலு. அடுத்தது தசம் நாலு. அதற்கடுத்தது தசம் நாலுக்கும் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு எண்ணுக்கும் மினாரா நாலு அடி இறங்கியது. பேனை நாலாம் பையில் வந்து நின்றது.

"ஒன்னு தசம் ஒன்னு. இதுவும் வகுத்தா தசம் மூனு கூட இல்ல."

"அத வகுக்காதீங்க தம்பி," என்றார் ஹாஜியார், வெட்கத்தோடு. "அந்த மூலை மண்தானேன்டு அதக் கடைசிக்கு வச்சேன், பொடைக்கக் கெடைக்கல்ல. அசருக்கு பாங்கு சொல்லிட்டாங்க. தொழுதுட்டு வாறதுக்குள்ள லொறி வந்து ஏத்திட்டான். அழுக்கோட போன பை. அதுதான் எல்லாத்தையும் விடக் கொறஞ்சி மானத்த வாங்கிச்சி."

சசிக்குமாரின் பேனை காற்றில் நின்றது.

"பொடைக்கவே இல்ல?"

"வல்லாஹி, கயித்தக் கூடத் தொடல்ல."

றுஸைனா ஃபோனைப் பறிப்பதுபோல எடுத்தாள். படத்தைப் பெருப்பித்தாள். ஐந்து பையில் வாப்பாவின் முடிச்சு. நாலாம் பையில் ஒற்றைச் சுற்று, அவசரத்தில் போட்ட இரட்டை முடிச்சு, வால் இடது பக்கம். அவள் இடது கைக்காரி.

"சேர், இது என்ட முடிச்சு. நிறையும் பாருங்க. அஞ்சு கிலோவுக்குப் பத்துக் கிராம் கொறவு."

ஒன்று தசம் ஒன்று. புடைக்காமல், பொறுக்காமல், அழுக்கோடு போய் வாங்கிய ஒன்று தசம் ஒன்று. ஒரு கிழமையாகப் பெயில் என்று திட்டு வாங்கிய பை இப்போது வகுப்பிலேயே முதலாம் பிள்ளை.

சசிக்குமார் வரைபடத்தின் மேல் குனிந்து கால் மணி நேரம் அளந்து பார்த்தார். "ஒரு பைய வச்சு சுரங்கம்னு சொல்ல முடியாது. ஆனா இது நெசம்னா மத்த அஞ்சும் சும்மா ஓரம், ஈயக் கல்லோட வயிறு இங்க இருக்கு. றுஸைனா, இன்னைக்கே அதே குழியில புதுசா எடுக்கணும். என் கண்ணு முன்னால. என்கிட்ட ஸீல் இருக்கு. அதுக்கு முன்னால யாராவது அந்த மண்ணுல கை வச்சிட்டா நாலாம் பையும் செத்துச்சு, உங்களக் காப்பாத்த எனக்கு வேற ஒன்னும் இல்ல." அவர் விரல் வரைபடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றது. "இது உங்க காணிக்கு வெளியில விழுதே ஹாஜியார். யார் எடம்?"

ஹாஜியார் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். இருபது பேர்ச், கொடி ஏறாத மூலை, கண்டி வரைக்கும் சொன்ன தர்மம்.

"காத்தாயிட."

ஸரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்ப்பூக் கையால் வாயைப் பொத்தினாள். "நல்லதெல்லாம் வச்சிக்கிட்டு மோசமானதக் குடுத்தீங்க. அல்லாஹ் பாத்துக்கிட்டுத்தான் ஈந்திருக்கான்."

"ஏன்டா அஸ்ஹர், கேட்டியா உன்ட ராத்தா..." என்று ஹாஜியார் திரும்பினார்.

நாற்காலி காலியாக இருந்தது. பாதி குடித்த பிளேன்டீ இருந்தது. தங்க முலாம் பேனையைக் காணோம். மேசையில் கிடந்த ஒப்பந்தப் பிரதியையும் காணோம். எல்லோரும் வரைபடத்துக்குள் குனிந்திருந்த நேரத்தில் ஆள் நழுவியிருந்தான்.

றுஸைனா வேலியோரம் ஓடிப் பார்த்தாள். மேலே, மிளகுக் கொடிகளுக்கு அப்பால், காத்தாயியின் ஆட்டுப்பட்டிக்கு முன்னால் சிவப்பு த்ரீவீல் நின்றது. முப்பது வருஷத்தில் காத்தாயி வீட்டுத் தண்ணீரைக் கூடத் தொடாத அஸ்ஹர், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்தான். காத்தாயி இடுப்பில் கைவைத்து அவனை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது.

"யா அல்லாஹ், அவன் தோண்டிருவான்!" ஹாஜியார் ஒரு காலில் செருப்போடு, மறு காலில் செருப்பில்லாமல், கேட்டைத் தாண்டினார். அறுபத்து மூன்று வயது. டொக்டர் படியேற வேண்டாம் என்று சொன்ன முழங்கால். ரிவர்ஸ்டன் காற்றே வழிவிட்டது.

"வாப்பா!" றுஸைனா பின்னாலிருந்து கத்தினாள். "அவர மட்டும் நிப்பாட்டுங்க! மண்ணத் தொடாதீங்க! ஒன்டையும் தொடாதீங்க!"

ஹாஜியார் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கள்ளனைப் பொலிஸ் கொண்டுபோவதைப் போலத் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு, மேட்டில் ஏறினார்.